நான்காவது படத்துக்கும் இடம் வையுங்கள்: ஆவணப்படம் எடுப்பிக்கிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆவணப்படங்களுக்குப் பணம் ஒதுக்கும் பண்பாட்டுப் பிரிவினர், பல்கலைக்கழகத் துறையினர், தொண்டு நிறுவனத்தார், ஆலய பரிபாலன சபையினர், பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையினர், வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் ஊர்ச் சங்கத்தார் அனைவருக்கும்,

வணக்கம்.

ஒருவரிடம் ஒரு ஆவணப்படத்தை வாங்கிக்கொண்டு அடுத்த வருடம் வேறொருவரைத் தேடும் வழக்கத்தை விடுங்கள். ஒரே ஆளை ஐந்தாறு வருடம் நம்பி, மூன்று நான்கு படம் எடுக்க விடுங்கள். நாங்கள் கேட்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் அதற்கான காரணங்களும், அதைச் செய்யும் வழியும் கணக்கும்.

இந்த இரண்டு மாவட்டங்களிலும் படமெடுக்கத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. கல்லடியில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும், வந்தாறுமூலையிலும், ஒலுவிலிலும் படித்து வெளியேறுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். கலியாண வீடுகளில் கமரா பிடித்துக் கைதேர்ந்தவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். ஆனாலும் நீங்கள் எடுப்பித்த படங்களில் பத்தை வரிசையாகப் போட்டு, கடைசியில் பெயர் ஓடுகிற இருபது விநாடியை மறைத்துவிட்டால், எது யார் எடுத்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ட்ரோன் கல்லடிப் பாலத்துக்கு மேலே எழும்பும், வாவி விரியும், புல்லாங்குழல் வரும், மேடைத் தமிழில் ஒரு குரல் வரலாறு சொல்லும், நாற்காலியில் இருத்திய ஐந்து பேர் மாறி மாறிப் பேசுவார்கள், பன்னிரண்டாவது நிமிடத்தில் இலச்சினைகள் வரும். எடுத்தவர்களின் திறமைக் குறைவு இதற்குக் காரணமில்லை. உங்கள் விலைமனுத் தாளில் உள்ள நிபந்தனைகளை ஒழுங்காக நிறைவேற்றினால் இப்படி ஒரு படம்தான் வரும்.

அந்தத் தாளை வரிக்கு வரி பார்ப்போம். "திரைக்கதையை இணைக்கவும்" என்பது முதல் நிபந்தனை. ஆவணப்படத்துக்கு முன்கூட்டியே திரைக்கதை கேட்டால், இன்னார் இன்னதைச் சொல்வார் என்று இயக்குநர் வீட்டிலிருந்தே எழுதவேண்டி வருகிறது. பிறகு படப்பிடிப்பில் அந்த வசனம் வாயில் வரும்வரை அதே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்கிறார். ஆளை நாற்காலியில் இருத்துவதும் அதற்காகத்தான்; நடமாடுகிற மனிதரிடம் எழுதிவைத்த பதிலை வாங்க முடியாது. திரைக்கதைக்குப் பதிலாக இரண்டு பக்கக் குறிப்புக் கேளுங்கள். யாரோடு, எந்த இடத்தில், எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை, கமரா எவ்வளவு கிட்ட நிற்கும், படத்தில் யாருடைய குரல் கேட்கும், எதை எடுக்கவே மாட்டார். இந்தக் கடைசிக் கேள்விக்கான பதிலிலேயே ஒருவருடைய பாணி பாதி தெரிந்துவிடும்.

"படப்பிடிப்பு மூன்று நாள்" என்பது அடுத்தது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போகப் ‘பாதை’ என்கிற மிதவைப் படகுக்காகத் துறையில் காத்து நிற்கத் தேவையில்லை. இருந்தாலும் நாள் வாடகைக்கு வான் பிடித்துப் போகிற குழு, காலைச் சாப்பாட்டை முடித்து, பொருட்களை ஏற்றி, ஊருக்குள் இறங்கும்போது பத்து மணி ஆகிவிடும். வட்டைக்குள், அதாவது வயல்வெளியில், வேலை விடிகாலையில் தொடங்கி வெயில் ஏறமுன் அடங்கிவிடுகிறது. வாவியில் வலை போட்டவர் பொழுது புலர முன்னமே கரைக்கு வந்து மீனையும் விற்றுவிட்டார். பத்து மணிக்குப் பிறகு மிஞ்சியிருப்பது உச்சி வெயிலும், திண்ணையில் ஓய்ந்திருக்கிற ஆட்களும்தான். எங்கள் ஆவணப்படங்களில் வேலை செய்கிற கைகளைவிடப் பேசுகிற வாய்கள் அதிகமாக இருப்பதற்கு இந்த வான் வாடகை ஒரு முக்கிய காரணம். ஊரில் தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் பணம் ஒதுக்கினால் இது மாறும். இரண்டு தரம் கமரா இல்லாமல் போகவேண்டும். மூன்றாம் தரம் கமராவைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கதைத்துக்கொண்டிருக்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் நல்ல சட்டை போட்டு லென்ஸைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நாலாம் ஐந்தாம் வருகையில்தான் தங்கள் பாட்டில் வேலையைப் பார்ப்பார்கள்.

ஒரு கூத்தை எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் நீங்கள் அதிகம் கேட்கிற தலைப்பு அதுதான். உங்களுக்கு வேண்டியது அரங்கேற்ற இரவு. ஆனால் கூத்து அந்த இரவில் தொடங்குவதில்லை. கூத்துப் பழக்குகிற அண்ணாவியார் அவரவர் பாத்திரத்துக்கான பாட்டு ஏட்டை, அதாவது சட்டத்தை, கொடுக்கிற நாள் இருக்கிறது. தாளக்கட்டுச் சொல்லி ஆட்டம் பழக்குகிற இரவுகள் இருக்கின்றன. பிறகு கிழமைக்கூத்து, அதற்குப் பிறகு அடுக்குப் பார்த்தல் என்று ஒத்திகைகள், அதன்பின்தான் அரங்கேற்றம். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். அந்த மாதங்கள் முழுக்கப் போய்வருகிறவருக்குத்தான் எதைப் பார்ப்பது என்று தெரியவரும். ஒருவருடைய கண் காலடியிலே நிற்கும். இன்னொருவர் சல்லாரித் தாளம் தட்டுகிறவரையே பார்த்துக்கொண்டிருப்பார். வேறொருவர், மடியில் பிள்ளை தூங்கத் தூங்க மகன் ஆடிக்கொண்டு நுழைகிற வரவுக்காகக் காத்திருக்கிற தாயைப் பிடிப்பார். அரங்கேற்றத்தன்று மட்டும் வந்திறங்குகிற மூவரும் எடுப்பது ஒன்றேதான்: எதிரே ஒரு மேடை கட்டி, முக்காலி வைத்து, முன்பக்கத்திலிருந்து எடுத்த நேர்க்காட்சி.

கூத்தாடுகிற வட்டமான அரங்கான வட்டக்களரிக்கு முன்பக்கம் என்று ஒன்று இல்லை. சனம் சுற்றிவர இருக்கும், ஆட்டக்காரர் சுற்றி ஆடுவார். ஒரு பக்கத்தில் உயரமாகக் கமரா மேடை போட்டவுடன், ஆடுகிறவர்கள் தங்களை அறியாமலே அந்தப் பக்கம் கிறுகத் தொடங்குகிறார்கள். மற்றப் பக்கத்துச் சனத்துக்கு முதுகுதான் மிஞ்சும். கூத்தைப் பதிவுசெய்ய வந்த கமரா கூத்தையே மாற்றிவிடுகிறது. முன்வரிசைச் சனத்தோடு பாயில் இருந்து, கண்மட்டத்தில், ஒரே லென்ஸோடு எடுப்பதே நல்லது. ஒரு வரவுக்கு ஒரு பக்கம் என்று முடிவுசெய்து, அந்த வரவு முடியும்வரை இடத்தை விட்டு எழும்பக்கூடாது. சூம் பண்ணிப் பண்ணி எடுக்கிற கை கலியாண வீட்டில் பழகியது. கிட்ட வேண்டுமென்றால் அடுத்த வரவுக்கு நடந்து கிட்டப் போகவேண்டும்.

வெளிச்சத்தில் ஒரு பொல்லாத சிக்கல் இருக்கிறது. முந்தி பெட்ரோமக்ஸ், இப்போது எல்ஈடி. எங்கள் மின்சாரம் 50 ஹேட்ஸ். கைத்தொலைபேசியும் பல கமராக்களும் விநாடிக்கு 30 பிரேம் என்ற நிலையிலேயே கடையிலிருந்து வருகின்றன. அதை மாற்றாமல் ஷட்டரை 1/60இல் வைத்து எடுத்தால் படத்தில் கருங்கோடுகள் மேலும் கீழும் உருளும். 25 பிரேம், ஷட்டர் 1/50. வெளிச்சம் கூடுதலாக இருந்தால் 1/100. ஜெனரேட்டரில் லைட் எரிகிற இடத்தில் இதுவும் போதாது. மலிவான ஜெனரேட்டரின் ஓட்டம் ஏறி இறங்கும்போது 50 ஹேட்ஸ் 47, 48 என்று நழுவும், கோடு திரும்ப வரும். ஷட்டரை நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கிற வசதி கமராவில் இருந்தால் கோடு நிற்கும் புள்ளியைத் தேடிப் பிடிக்கலாம். இல்லையென்றால் பற்றரியில் எரிகிற இரண்டு நல்ல விளக்கைக் களரிக் கம்பத்தில் கட்டுவதுதான் வழி. கலர் திருத்தத்தில் இதை எடுத்துவிடலாம் என்று நினைக்கக்கூடாது. முழு இரவும் பழுதாகும்.

ஒலிக்கு மத்தளம்தான் பரீட்சை. அண்ணாவியார் அடித்துக்கொண்டே பாடுவார். கமராவிலுள்ள மைக் மத்தளத்துக்குப் பயந்து மட்டத்தைத் தானாகக் குறைக்கும், பாட்டு அமுங்கிப்போகும். தானியங்கி மட்டத்தை முதலில் நிறுத்தவேண்டும். தனிப் பதிவுக்கருவி, 48 கிலோஹேட்ஸ், 24 பிட். மைக்கை அவருடைய வாயைப் பார்த்து, மத்தளத்தின் கண்ணுக்கு முதுகு காட்டி வைக்கவேண்டும். உச்சம் மைனஸ் 12 டெசிபெலுக்கு மேலே போகாத மாதிரி வைத்து, அதே ஒலியை இன்னொரு தடத்தில் மைனஸ் 20இல் எடுத்தால், உச்சக்கட்டத்தில் ஒன்று கிழிந்தாலும் மற்றது காப்பாற்றும். மருதமுனைக் கைத்தறிக் கொட்டிலிலும் இதே கதைதான்: தறியடிக்கும்போது பேச்சுக் கேட்காது. தறியைத் தனியே ஒரு மணித்தியாலம் பதிவுசெய்து, பேச்சைத் தறி நிற்கிற நேரத்தில் எடுத்து, பிறகு ஒன்றின்மேல் ஒன்றை வைக்கவேண்டும். ஒலிப்பதிவுக்கென்று ஒரு ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காத பாதீட்டில் இது எதுவும் நடக்காது. உங்கள் பாதீடுகளில் ட்ரோனுக்கு ஒரு வரி இருக்கும், ஒலிப்பதிவாளருக்கு இருக்காது.

ஹார்ட் டிஸ்குக்கும் வரி இருக்காது. விநாடிக்கு 50 மெகாபிட் என்ற நிலையில் ஒரு மணித்தியாலப் பதிவு 22.5 ஜிபி பிடிக்கும். ஒன்பது மணித்தியாலக் கூத்து 200 ஜிபியைத் தாண்டும். 60 மணித்தியாலம் எடுத்தால் 1.35 டெராபைட், இரண்டு பிரதி வைத்தால் 2.7. இதற்குப் பணம் இல்லாதவர் என்ன செய்வார்? போன வேலையின் மூலப்பதிவை அழித்துவிட்டு அதே டிஸ்கில் புது வேலையை ஏற்றுவார். பன்னிரண்டு நிமிடப் படம் மிஞ்சும், அதைச் சுற்றியிருந்த 59 மணித்தியாலம் போய்விடும். ஒருவருடைய இரண்டாவது படத்துக்கான விதை அந்த 59 மணித்தியாலத்துக்குள்தான் கிடக்கிறது.

படத்தொகுப்புக்கு நீங்கள் கொடுக்கிற நேரம் பெரும்பாலும் இரண்டு கிழமை. ஒரு மணித்தியாலப் பதிவைப் பார்த்து, பேச்சை எழுதி, குறிப்பெடுக்க மூன்று மணித்தியாலம் போகும். 60க்கு 180. நாளைக்கு ஆறு மணித்தியாலம் இருந்தாலும் 30 வேலை நாள், அதுவரை ஒரு வெட்டுக்கூட விழாது. பிறகு முதல் அடுக்கு, நீளப் பதிப்பு, சுருக்கம், ஒலி, நிறம், துணையெழுத்து என்று பார்த்தால் நாலு மாதத்துக்குக் குறையாது. இரண்டு கிழமையில் முடிக்கச் சொன்னால் அவர் எல்லாவற்றையும் பார்க்கமாட்டார். பேட்டிகளை மட்டும் பார்ப்பார், அவற்றின்மேல் அழகான காட்சிகளை ஒட்டுவார். ஒருவருடைய பார்வை தெரிவது வெட்டில்தான்: எதை எவ்வளவு நேரம் விட்டுவைக்கிறார், எந்த மௌனத்தை வெட்டாமல் விடுகிறார் என்பதில். அந்த முடிவுகளை எடுக்கத்தான் நேரம் வேண்டும்.

மொழியைப் பற்றியும் சொல்லவேண்டும். படத்தில் பேசுகிறவர் "மறுகா என்ன நடந்த தெரியுமா மனே" என்றால், அதன்மேல் "அதன் பின்னர் நிகழ்ந்தது யாதெனில்" என்று வேறு குரலை ஏற்றச் சொல்கிறீர்கள். பேச்சுத் தமிழ்களிலே மட்டக்களப்புத் தமிழ் எழுத்துத் தமிழுக்கு மிக நெருங்கியது என்று கமில் சுவலபில் போன்ற மொழியியலாளர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பேச்சு அப்படியே கேட்கட்டும். காத்தான்குடிப் பேச்சும் அக்கரைப்பற்றுப் பேச்சும் பொத்துவில் பேச்சும் தம்முள் வேறுபடுவது காதில் விழட்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் துணையெழுத்துக்குப் பணம் வையுங்கள்: திரையில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம், ஒரு துணையெழுத்து ஒரு விநாடிக்குக் குறையாமலும் ஆறு ஏழு விநாடிக்குக் கூடாமலும் நிற்கட்டும், மொழிபெயர்ப்பவர் படத்தைப் பார்த்துக்கொண்டு செய்யட்டும். தமிழ்த் துணையெழுத்தையும் பெயர்களையும் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவான பாமினியில் அடித்துக் கொடுக்காதீர்கள். அந்தக் கோப்பைத் துணையெழுத்துக் கோப்பாக மாற்றினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டும். யூனிகோடில் அடித்து யூ.டி.எப்.-8 ஆகச் சேமிக்கவேண்டும். படத்தொகுப்பு மென்பொருளில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தெரிவுசெய்யாவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமும் போய், ஊர்ப் பெயர்கள் சிதையும்.

இனி ஆளைப் பற்றி. பாணி உள்ள ஆவணப்படக்காரர் ஒருவர் எப்படி உருவாகிறார்? உலகத்தில் நடந்ததைப் பாருங்கள். அமெரிக்காவில் பிரெடரிக் வைஸ்மன் 1967இல் முதல் படத்தை வெளியிட்டார். பேட்டி இல்லை, பின்னணிக் குரல் இல்லை. ஒலிப்பதிவும் படத்தொகுப்பும் அவரே. ஒவ்வொரு படத்திலும் ஒரு நிறுவனம்: மருத்துவமனை, பாடசாலை, நூலகம். அதே முறையில் அரை நூற்றாண்டுக்கு மேல் தொடர்ந்தார். 1971இல் சொந்த விநியோக நிறுவனம் தொடங்கி, படங்களின் உரிமையைத் தன் கையில் வைத்துக்கொண்டதால்தான் அது முடிந்தது. இந்தியாவில் ஆனந்த் பட்வர்தன் மும்பைத் தலித் பாடகர்களையும் ரமாபாய் நகர்த் துப்பாக்கிச்சூட்டையும் பற்றிய படத்தை 1997இல் தொடங்கி 2011இல் முடித்தார். 14 வருடம். எங்களுக்கு இன்னும் நெருக்கமானவர் ஜப்பானின் ஓகாவா ஷின்சுகே. அவருடைய குழு யமகத்தா மாகாணத்து மகினோ கிராமத்தில் போய்க் குடியேறி, தாங்களே நெல் விதைத்து, நீர் கட்டி, அறுத்து, அதையே வருடக்கணக்கில் படமெடுத்தது. பயிரைக் கெடுக்கிற குளிர்காற்று எந்த மலைச் சரிவால் இறங்குகிறது என்று அளந்து காட்டிய படம் அந்த வாழ்க்கையிலிருந்து வந்தது. வேளாண்மை என்றாலே நெல் என்று பொருள்கொள்கிற எங்கள் வட்டைகளுக்கு அப்படி ஒரு படம் இன்னும் இல்லை. பெரும்போகமும் சிறுபோகமும் ஒரு வருடத்துக்குள் அடங்கும். ஒரு போகத்தில் மழை பிழைத்தால் என்ன ஆகிறது என்பது மூன்று வருடம் நின்றால்தான் தெரியும்.

பணம் கொடுப்பவர் ஒருவர் இருந்தாலே பாணி கெட்டுவிடும் என்று நாங்கள் சொல்லவரவில்லை. 1934இல் ‘சோங் ஒவ் சிலோன்’ படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. இயக்குநர் பசில் ரைட் அதைத் தேயிலை விளம்பரமாக எடுக்கவில்லை. 1681இல் வெளிவந்த, இலங்கையைப் பற்றிய ரொபர்ட் நொக்ஸின் நூலிலிருந்து பகுதிகளை லயனல் வென்ட் குரலில் வைத்து, ஒலியையும் காட்சியையும் எதிரெதிராக நிறுத்தினார். இன்றுவரை அது பேசப்படுகிறது. 1948இல் தொடங்கிய அரசாங்கத் திரைப்படப் பிரிவில் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் சம்பளத்துக்கு ஆவணப்படம் எடுத்தார். அங்கே கூட வேலை செய்த வில்லியம் பிளேக்கையும் டைட்டஸ் தொட்டவத்தவையும் கூட்டிக்கொண்டு வெளியேறித்தான் 1956இல் ‘ரேகாவ’ என்ற சிங்களக் கதைப்படம் வந்தது. மாதச் சம்பளமும் தொடர்ந்த வேலையும் அவர்களைப் பழக்கின. எங்கள் அமிர்தகழியில் 1939இல் பிறந்த பாலு மகேந்திரா பூனா போய் ஒளிப்பதிவு படித்து, ஒளிப்பதிவாளராகப் படத்துக்குப் படம் வேலை செய்த பிறகே 1977இல் ‘கோகிலா’வை இயக்கினார். இயற்கை வெளிச்சத்தில் எடுக்கிறவர் என்ற பெயர் பல படங்களில் சேர்ந்த பெயர். அந்தப் பழக்கத்துக்கு அவர் கடல் கடந்து போகவேண்டியிருந்தது.

இங்கே இருக்கிறவர் என்ன செய்கிறார்? கலியாணமும் பூப்புனித நீராட்டு விழாவும்தான் சோறு போடுகின்றன. அதற்கு வாங்கிய கமரா, கிம்பல், லென்ஸ் ஆகியவையே உங்கள் படத்துக்கும் வரும். கையும் அதே பழக்கத்தில் ஓடும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவருக்குக் குடும்பம் இருக்கிறது. ஆனால் ஆடியிலும் மார்கழியிலும் தமிழ் ஊர்களில் கலியாணம் குறைவு, முஸ்லிம் ஊர்களில் நோன்பு மாதத்தில் குறைவு. படப்பிடிப்பை எந்த மாதத்தில் வைப்பது என்று அவரோடு பேசி ஒப்பந்தம் எழுதினால் அவர் முழு ஆளாக வருவார். உங்கள் நிதியாண்டு முடிகிறதென்று நவம்பரில் கூப்பிட்டு, அடை மழைக்குள் டிசம்பர் 20க்கு முன் படம் வேண்டும் என்றால், அவரால் தரக்கூடியது ட்ரோனும் புல்லாங்குழலும்தான்.

ஒலுவில் துறைமுகம் வந்த பிறகு அதற்கு வடக்கே கரை அரிபடுவதை எடுத்துப் பாருங்கள். மூன்று நாளில் அதை எடுத்தால் விழுந்த தென்னையும் அழுகிற முகமும் கிடைக்கும். ஒரு நிலையான கல்லில் குறி வைத்து, மாதம் ஒருமுறை, அதே உயரத்தில், அதே லென்ஸில், அதே திசையில், அதே நேரத்தில் ஐந்து நிமிடம் எடுத்தால் ஐந்து வருடத்தில் 60 காட்சி சேரும். கடல் எந்த மாதத்தில் எவ்வளவு தின்றது என்பதை எந்தக் குரலும் சொல்லத் தேவையிருக்காது. செலவு மோட்டார் சைக்கிள் பெற்றோலும் அரை நாள் கூலியும்தான். ஒருவரைத் தொடர்ந்து வைத்திருந்தால் மட்டுமே இது நடக்கும்.

ஆகவே ஒப்பந்தத்தை இப்படி எழுதுங்கள். தொகையை நாலாகப் பிரித்து, ஆய்வுக்கு 20 வீதம், படப்பிடிப்புத் தொடங்கும்போது 35, படத்தொகுப்புத் தொடங்கும்போது 30, முடிந்த கோப்பைக் கையளிக்கும்போது 15 கொடுங்கள். இப்போது பாதிக்கு மேல் கடைசிக்கு வைத்திருக்கிறீர்கள். திருத்தம் முடியும்வரை அவர் கடன் வாங்கி எடுக்கிறார். கடனோடு இருக்கிறவர் எந்தத் திருத்தத்துக்கும் மறுப்புச் சொல்லமாட்டார். திருத்தம் இரண்டு சுற்று, அதற்கு மேல் வேண்டாம். குழுவில் உள்ள ஐந்து பேரும் வட்ஸ்அப்பில் தனித்தனியே குரல் அனுப்பாமல், ஒருவர் தொகுத்து, நிமிடம் விநாடி குறித்து எழுத்தில் கொடுக்கவேண்டும். பெயர்ப் பிழை, தகவல் பிழை, படத்தில் வருகிறவரின் பாதுகாப்பு ஆகிய மூன்றையும் எத்தனை தரமும் திருத்தச் சொல்லுங்கள். இசையும் வெட்டும் நீளமும் இயக்குநரின் பொறுப்பு.

உரிமையை எழுதாமல் விடாதீர்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால் படத்தின் பொருளாதார உரிமை தயாரிப்பாளருக்குப் போகும். தன் பெயர் குறிப்பிடப்படவும், படைப்புச் சிதைக்கப்படுவதை எதிர்க்கவும் படைப்பாளிக்கு உரிமை உண்டு. முடிந்த படம் உங்களுடையதாகவே இருக்கட்டும். மூலப்பதிவின் ஒரு பிரதி அவரிடம் இருக்கவும், அடுத்த படத்தில் அதைப் பாவிக்கவும், விழாக்களுக்கு அனுப்பவும் அனுமதி என்று மூன்று வரி சேர்த்தால் போதும்.

சம்மதமும் ஒரு தரம் கையெழுத்து வாங்குவதோடு முடிகிற விஷயமில்லை. கோயிலென்றால் நிருவாகம் பார்க்கிற வண்ணக்கரையும் பூசை செய்கிற கப்புகனாரையும் கண்டு, வைகாசிக் கண்ணகி சடங்கில் எது வரை கமரா வரலாம், எங்கே நிற்கவேண்டும் என்று முன்கூட்டியே கேட்கவேண்டும். மனிதர்களிடம் மூன்று தரம்: எடுக்கமுன், எடுத்தபின், வெட்டிய படத்தைக் காட்டியபின். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைப் பற்றி ஒரு தாய் கதைத்துவிட்டு, படத்தைப் பார்த்தபின் "இது வேணாம் மனே" என்றால் அதை எடுத்துவிட நேரம் இருக்கவேண்டும். உங்கள் கால அட்டவணையில் அந்தக் கிழமை இல்லை. அதைச் சேருங்கள். முதல் காட்சி கொழும்பு மண்டபத்தில் வேண்டாம், எடுத்த ஊரிலேயே, இரவு ஏழு மணிக்குப் பிறகு, வெள்ளைத் துணி கட்டிக் காட்டுங்கள். பொதுக் காட்சிக்குரிய பொது அரங்காற்றுகைச் சபைச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பதும் எடுப்பித்தவரின் வேலை. இயக்குநரின் தலையில் கட்டாதீர்கள்.

கடைசியாக ஒன்று, இது அவசரம். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரையெங்கும் எடுத்த மினிடிவி (MiniDV) வீடியோ நாடாக்கள் உங்கள் அலுவலக அலுமாரிகளில் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. கடற்காற்றின் ஈரத்தில் அவற்றுக்குப் பூஞ்சணம் பிடிக்கிறது. நாடாவை நேரே இயந்திரத்தில் போடாதீர்கள். கசெட்டின் கண்ணாடி வழியே சுருளின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளையாக மாப்போல் தெரிந்தால் அதைத் தனியே எடுத்து, சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத பெட்டியில் சில கிழமை வையுங்கள். பூஞ்சணம் பிடித்ததை நல்ல இயந்திரத்தில் ஓட்டினால் ஹெட் கெட்டு, அடுத்த நாடாவுக்கும் பரவும். சுத்தமானதை ஒரு தரம் முழுதாக முன்னுக்கும் பின்னுக்கும் ஓட்டிவிட்டு, கமராவைக் கணினியோடு இணைக்கிற பயர்வயர் கம்பி வழியாக அப்படியே இறக்குங்கள். ஒரு மணித்தியால நாடாவுக்கு ஒரு மணித்தியாலம் எடுக்கும், 13 ஜிபி பிடிக்கும். சுருக்கி எம்பி4 ஆக்காமல் மூலக் கோப்பாகவே வைத்திருங்கள். ஒரே நாடாவில் கூடிய நேரம் பதிகிற எல்.பி. முறையில் பதிந்த நாடா பெரும்பாலும் பதிந்த கமராவிலேயே ஒழுங்காக ஓடும், ஆகவே பழைய கமராக்களை இரும்புக்கு எறியாதீர்கள். புதிய கணினிகளில் பயர்வயர் துளை இல்லை. பழைய கணினி ஒன்றை இதற்கென்றே வையுங்கள்.

அந்த நாடாக்களை எடுத்தவர்களில் பலர் இப்போதும் இங்கேதான் இருக்கிறார்கள். அன்று 20 வயதில் ஒரு படம் எடுத்து, இரண்டாவது படம் கிடைக்காமல் ஸ்டூடியோ வைத்தவர்கள். அவர்களைக் கூப்பிட்டு நாடாக்களை இறக்கச் சொல்லுங்கள், அந்த வேலைக்குச் சம்பளம் கொடுங்கள். அதில் வருகிற ஊர்களுக்கு அவர்களையே திரும்ப அனுப்பி, அன்று எடுத்தவர்களை இன்று தேடி எடுக்கவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கினால் அலுமாரிக்குள் ஈரம் இன்னும் ஏறும். அதற்கு முன் பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மாதிரி ஒப்பந்தமும், நாடா இறக்கும் முறையும் எழுத்தில் வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஆவணப்பட ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்புப் பணி செய்கிற சிலர்